காணியோடு வந்த விடுதலை: எட்வர்ட் கோல்ஸ் என்னும் பண்ணை வாரிசின் வாழ்க்கை

1873ஆம் ஆண்டு மகாத்மா ஜோதிராவ் புலே தம்முடைய ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டார். கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து மீட்கும் பணியில் தன்னலம் கருதாது ஈகம் புரிந்த அமெரிக்க மக்களுக்கு அந்நூலை அவர் காணிக்கையாக்கினார். அந்த மக்களின் செயலைத் தம் நாட்டினரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்ற விருப்பத்தையும் அதில் வெளியிட்டார். அந்தக் காணிக்கைக்குள் ஒரு கோரிக்கை அடங்கியிருக்கிறது. ஆதிக்கத்தின் பக்கம் பிறந்தவர்கள் தாம் பெற்றதைத் துறக்க முன்வர வேண்டும் என்பதே அது.

பிறப்பினால் கைக்கு வந்த ஆதிக்கத்தை ஒருவர் என்ன செய்வது? கொள்கையளவில் அதைக் கண்டித்துவிட்டு நடைமுறையில் அனுபவித்துக்கொண்டிருப்பது ஒரு வழி. பெரும்பாலோர் அவ்வழியிலேயே சென்றனர். அதை உதறிவிட்டு, உழைத்தவர்களுக்குரிய பங்கையும் அவர்களிடமே ஒப்படைப்பது மற்றொரு வழி. அவ்வழியில் சென்றவர் மிகச் சிலர். புலேயின் நூல் வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் பிலடெல்பியா நகரில் மறைந்த எட்வர்ட் கோல்ஸ் அச்சிலரில் ஒருவர். வர்ஜீனியாவின் செல்வச் செழிப்பு மிக்க பண்ணைக் குடும்பமொன்றின் வாரிசாகப் பிறந்து, தம் பங்காக வந்த அடிமைகளை விடுவித்து, அவர்களுக்கு நிலமும் வழங்கியவர். பின்னர் இல்லினாய் மாநிலத்தின் இரண்டாவது ஆளுநராகி, அங்கு அடிமைமுறை சட்டபூர்வமாகக் காலூன்றுவதைத் தடுத்தவர். அவரைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று. அவருடைய வாழ்க்கையை அதன் ஒளியோடும் நிழலோடும் சேர்த்து வாசிக்கவே முற்படுகிறோம்.

புகையிலை வயல்களின் வாரிசு

எட்வர்ட் கோல்ஸ் 1786 டிசம்பர் 15 அன்று வர்ஜீனியாவின் ஆல்பமார்ல் வட்டாரத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து குடியேறிய வணிகர். அவர் பிறந்த எனிஸ்கார்த்தி என்னும் ஊரின் பெயரே குடும்பத்தின் பண்ணைக்கும் சூட்டப்பட்டது. தந்தை இரண்டாம் ஜான் கோல்ஸ் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்துக்கு உடைமையாளர். தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகை அதே வட்டாரத்தில்தான் இருந்தது. 1781இல் பிரித்தானியப் படை நெருங்கி வந்தபோது ஜெஃபர்சனின் குடும்பத்தார் அடைக்கலம் தேடிய இடங்களில் எனிஸ்கார்த்தியும் ஒன்று. குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மாடிசனின் மனைவி டாலி, கோல்ஸ் குடும்பத்துக்கு உறவினர். புதிய குடியரசை ஆண்ட ஒரு சிறு வட்டத்துக்குள் தொட்டிலிலேயே இடம் பெற்றவர் எட்வர்ட்.

அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வர்ஜீனியாவின் முதன்மைப் பயிர் புகையிலை. குளிர்காலத்தின் இறுதியில் நாற்றங்கால் அமைத்து, மழைக்குப் பின் நாற்றுகளை ஒவ்வொன்றாக நட்டு, களை எடுத்து, இலைகளில் ஏறும் புழுக்களைக் கையால் பொறுக்கி, நுனி கிள்ளி, பக்கத் தளிர்களை ஒடித்து, முற்றிய செடிகளை வெட்டிக் கொட்டகைகளில் தொங்கவிட்டு உலர்த்தி, பெரும் மரப்பீப்பாய்களில் அழுத்தி அடைத்தால்தான் சரக்கு கப்பலேறும். ஓராண்டுக்கு மேல் நீளும் இவ்வேலை முழுவதையும் செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டோரும் அவர்களின் வழித்தோன்றல்களுமே. நிலம் சத்திழந்தபோது பண்ணையார்கள் கோதுமைக்கு மாறினர். பயிர் மாறியதே தவிர, உழைப்போர் நிலை மாறவில்லை.

அந்நிலையைப் பிறப்போடு பிணைத்தது சட்டம். தாயின் நிலை எதுவோ அதுவே குழந்தையின் நிலை என்று வர்ஜீனியா 1662ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த குழந்தை முதல் மூச்சிலேயே வேறொருவரின் சொத்து. பண்ணையார் வீட்டுக் குழந்தையோ அதே நாளில் பிறந்தாலும் சொத்துக்கு உரியவன். பிறப்பு ஒன்றே ஒருவரை உடைமையாகவும் மற்றொருவரை உடைமையாளராகவும் ஆக்கிய அந்த ஏற்பாடு, சாதியின் கணக்கை அறிந்த நமக்குப் புதிதன்று.

வகுப்பறையில் எழுந்த கேள்வி

வில்லியம் மேரி கல்லூரியில் பயின்றபோது கோல்ஸின் மனத்தில் மாற்றம் நேர்ந்தது. அக்கல்லூரியின் தலைவராக இருந்தவரின் பெயரும் ஜேம்ஸ் மாடிசன்தான். குடியரசுத் தலைவரான மாடிசனுக்கு உறவினரான இவர் ஒரு பேராயர். மனிதர் அனைவரும் சுதந்திரமானவர், சமமானவர் என்னும் அரசியல் தத்துவத்தை அவர் மாணவர்க்குப் போதித்தார். அப்படியாயின் ஒரு மனிதர் மற்றொரு மனிதரை உடைமையாக வைத்திருப்பது எவ்வாறு பொருந்தும் என்று கோல்ஸ் அவரிடம் வினவினார். கொள்கையளவில் அதற்கு நியாயம் கற்பிக்க இயலாது என்பதைப் பேராயர் ஒப்புக்கொண்டார். ஆயினும் நடைமுறையில் அதை நீக்குவதன் இடர்ப்பாடுகளைச் சுட்டினார். சமத்துவம் போதித்த அக்கல்லூரியே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தது. கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே மூத்த தலைமுறை வசதியாகக் குடியிருந்த அந்த இடைவெளியை இளைஞரான கோல்ஸ் ஏற்க மறுத்தார். தாம் எவரையும் அடிமையாக வைத்திருக்கப் போவதில்லை, அடிமைமுறை நிலவும் மாநிலத்தில் வாழப்போவதுமில்லை என்று முடிவு செய்தார்.

அம்முடிவைத் தந்தையிடம் அவர் மறைத்தார். தந்தை அறிந்தால் அடிமைகளைத் தம் பங்கில் சேர்க்காமல் வேறு சொத்துகளைத் தந்துவிடக்கூடும், அப்போது அவர்களை விடுவிக்கும் வாய்ப்பே இல்லாமற் போகும் என்பது அவர் கணக்கு. தந்தை 1808இல் காலமானார். 782 ஏக்கர் பண்ணையும் அதில் உழைத்த அடிமைகளும் எட்வர்டின் பங்காயின. தம் முடிவைக் குடும்பத்தாரிடம் அவர் வெளிப்படுத்தியபோது எதிர்ப்பே எழுந்தது. வருவாய்க்கு என்ன வழி, அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் அடிமைகள் என்ன நினைப்பர், குடும்ப மானம் என்னாவது என்ற கேள்விகள் சூழ்ந்தன.

சட்டமும் குறுக்கே நின்றது. 1782ஆம் ஆண்டுச் சட்டப்படி வர்ஜீனியப் பண்ணையார் ஒருவர் தம் அடிமைகளை விடுவிக்கலாம். ஆனால் 1806இல் இயற்றப்பட்ட சட்டம், விடுதலை பெற்றவர் 12 மாதங்களுக்குள் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும், இல்லையேல் மீண்டும் அடிமையாக்கப்படலாம் என்றது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் கண்ணெதிரே நடமாடினால் அடிமைமுறையின் அடித்தளமே ஆட்டங்காணும் என்று உடைமையாளர் வர்க்கம் அஞ்சியது. எனவே விடுவிப்பதாயின் அவர்களோடு தாமும் புலம்பெயர வேண்டும் என்ற நிலை கோல்ஸுக்கு ஏற்பட்டது.

இங்கே ஒரு கணக்கை நாம் விட்டுவிட முடியாது. முடிவெடுத்தபின் அதைச் செயலாக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் அவருடைய பண்ணையில் அம்மக்கள் ஊதியமின்றி உழைத்தனர். தாம் விடுவிக்கப்படவிருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. உடைமையாளரின் மனசாட்சி விழித்த நாளுக்கும் உழைப்பாளரின் கை விடுபட்ட நாளுக்கும் இடையிலான அந்தப் பதினோரு ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் அவர்களே.

ஜெஃபர்சனின் மறுப்பு

1810ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோல்ஸ் குடியரசுத் தலைவர் மாடிசனின் தனிச்செயலாளராகப் பொறுப்பேற்றார். சுதந்திர நாட்டின் தலைவருடைய மாளிகையிலேயே அடிமைகள் பணிபுரிந்தனர். தலைநகரின் தெருக்களில் சங்கிலியிட்ட மனிதர்கள் விற்பனைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1811இல் வட மாநிலங்களில் பயணம் செய்தபோது முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸை அவர் சந்தித்தார். ஜெஃபர்சன்மீது ஆடம்ஸுக்கு இன்னும் அன்பு உண்டு என்பதை அறிந்து அச்செய்தி ஜெஃபர்சனை எட்டச் செய்தார். நெடுநாள் முறிந்திருந்த அந்த நட்பு மீண்டும் துளிர்க்க அது உதவியது.

இத்தகைய நெருக்கத்தின் துணிவில்தான் 1814 ஜூலை 31 அன்று கோல்ஸ் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கை, வர்ஜீனியாவில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் திட்டத்தையும் வகுத்துத் தலைமையேற்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். தாம் அடிமைகளை விடுவித்து மாநிலத்தைவிட்டு வெளியேறப் போவதையும் தெரிவித்தார். அப்போது கோல்ஸுக்கு வயது 27, ஜெஃபர்சனுக்கு 71.

ஆகஸ்ட் 25 அன்று பதில் வந்தது. அடிமைமுறை தவறு என்பதில் ஜெஃபர்சனுக்கு ஐயமில்லை. ஆனால் தமக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் பணி என்று ஒதுங்கிக்கொண்டார். கோல்ஸ் மாநிலத்தைவிட்டுச் செல்லக் கூடாது, அடிமைகளைத் தம்மிடமே வைத்து நன்றாக உண்பித்து உடுத்திக் காக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். விடுவிக்கப்பட்டால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத குழந்தைகளுக்கு ஒப்பானவர்கள் என்பதே அம்மக்களைப் பற்றிய அவருடைய மதிப்பீடு. செப்டம்பரில் கோல்ஸ் மறுமொழி எழுதினார். ஜெஃபர்சனைவிட முதிய வயதிலும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அடிமை ஒழிப்புக்கு உழைத்ததை அதில் நினைவூட்டினார். 1790இல், 84ஆம் வயதில், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் நாடாளுமன்றத்தில் அடிமை ஒழிப்பு மனு அளித்தவர் ஃபிராங்க்ளின்.

ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். உயில்வழி அவர் விடுவித்தது ஐவரை மட்டுமே. 1826 ஜூலை 4 அன்று அவர் இறந்தபின், கடனை அடைக்க மாண்டிசெல்லோவின் 130 மனிதர்கள் 1827 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தனர். உலகம் போற்றும் சொற்களை எழுதியவரின் பண்ணையில் நிகழ்ந்தது அது. அனுதாபத்துக்கும் துறப்புக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அளக்க வேண்டுமாயின், இவ்விருவரின் கடிதங்களுக்கு இடையிலேயே அளந்துவிடலாம்.

ஆற்றின் நடுவே

வடமேற்கு நிலப்பகுதிகளை 1815இல் கோல்ஸ் நேரில் சுற்றிப் பார்த்தார். அடுத்த ஆண்டு அரசுத் தூதராக ரஷ்யத் தலைநகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைகளின் நிலையைக் கண்டார். பின்னர் இங்கிலாந்தில் மாரிஸ் பர்க்பெக் என்னும் வேளாண் அறிஞரைச் சந்தித்து இல்லினாய் பற்றிப் பேசினார். பர்க்பெக் பின்னாளில் அங்கே குடியேறி அவருக்குப் பெருந்துணையானார். 1819 மார்ச் மாதத்தில், குடியரசுத் தலைவர் மன்ரோ, கோல்ஸை இல்லினாய் மாநிலம் எட்வர்ட்ஸ்வில் ஊரின் அரசு நில அலுவலகப் பதிவாளராக நியமித்தார்.

1819 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் பயணம் தொடங்கியது. குழந்தைகளையும் சேர்த்து ஏறத்தாழ இருபது பேர். முதுமையால் பயணம் செய்ய இயலாத இரு பெண்களுக்கு வர்ஜீனியாவிலேயே பராமரிப்பு ஏற்பாடாயிற்று. வண்டிகளை நடத்திச் செல்லும் பொறுப்பு ரால்ஃப் கிராஃபோர்டு என்னும் அடிமையிடம் ஒப்படைக்கப்பட்டது. மலைகளைக் கடந்து பென்சில்வேனியாவின் பிரவுன்ஸ்வில் ஊரை அவர்கள் அடைந்தனர். அங்கே கோல்ஸ் இரண்டு தட்டைப் படகுகளை வாங்கினார். மொனொங்கஹீலா ஆற்றின்வழி பிட்ஸ்பர்க் நகரைத் தாண்டிப் படகுகள் ஒஹாயோ ஆற்றில் மிதந்தன. வசந்த காலத்துக் காலைப்பொழுதொன்றில் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி, அவர்கள் அக்கணம் முதல் சுதந்திரமானவர்கள் என்று கோல்ஸ் அறிவித்தார். தம்மோடு வரலாம், விரும்பினால் அங்கேயே கரையிறங்கியும் செல்லலாம் என்றார். இல்லினாய் வரும் குடும்பத்தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் வழங்கப் போவதையும் தெரிவித்தார்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு கண்ணீரும் சிரிப்பும் கலந்து வந்தன. பயணச் செலவை அவர் ஈடுசெய்யும்வரை ஊதியமின்றி உழைக்கத் தாங்கள் ஆயத்தம் என்று அவர்கள் கூறியதாகவும் தாம் மறுத்ததாகவும் கோல்ஸ் பின்னாளில் எழுதியுள்ளார். இல்லினாய் தலைமைச் செயலகக் கட்டடத்தின் சுவரோவியமொன்று இக்காட்சியைச் சித்திரிக்கிறது. அக்காலைப்பொழுதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள விவரிப்பு விடுவித்தவருடையது. ரால்ஃப், கேட், ராபர்ட் கிராஃபோர்டு, தாமஸ் காப், நான்சி கெய்ன்ஸ் ஆகியோர் அப்படகில் என்ன எண்ணினர் என்பதை அவர்கள் சொல்லில் நாம் கேட்க முடியாது. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் மகிழ்ச்சியைக்கூட எழுத்துரிமை பெற்றவர்களே எழுதினர். நன்றியுள்ள விடுதலையாளர் என்னும் சித்திரத்தை நாம் எச்சரிக்கையோடு வாசிப்பது அதனால்தான்.

சான்றிதழும் காணியும்

எட்வர்ட்ஸ்வில் வந்தபின், 1819 ஜூலை 4 என்னும் நாளிட்டு விடுதலைச் சான்றிதழ்களைக் கோல்ஸ் வழங்கினார். சக மனிதர்களைச் சொத்தாகக் கொள்ளும் உரிமை எந்தத் தந்தையின் உயிலாலும் தமக்கு வந்துவிடாது என்ற நிலைப்பாட்டை அவற்றில் பதிவு செய்தார். நாடு தன் சுதந்திரத்தைக் கொண்டாடும் நாளையே அதற்குத் தேர்ந்தார்.

160 ஏக்கர் என்பது தற்செயலான அளவன்று. அரசு நிலம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட கட்டங்களாக அளக்கப்பட்டது. அதில் கால் பங்கு 160 ஏக்கர். அப்போதைய குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 2 டாலர். ஒரு கால் பங்கின் விலை 320 டாலர். கையில் ஒரு காசும் இல்லாமல் விடுதலை பெற்ற ஒருவர் கூலி வேலை செய்து அத்தொகையைச் சேர்ப்பது அரிதினும் அரிது. நிலமில்லாதவர் வேறொருவர் நிலத்துக்கே திரும்ப வேண்டும், அப்போது பழைய எசமானின் இடத்தில் புதிய எசமான் வந்து அமர்வான். கோல்ஸ் இதைப் புரிந்துகொண்டிருந்தார். அவர் வழங்கிய நிலத்தைக் கொடை என்று அழைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. தலைமுறைகளாகக் கொடுபடாத கூலியின் ஒரு சிறு பகுதி திரும்பி வந்தது என்பதே பொருத்தமான கூற்று. ஆயினும் அச்சிறு பகுதியைக்கூடத் திருப்பித் தந்த பண்ணையார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

எட்வர்ட்ஸ்வில் அருகே பின் ஓக் பகுதியில் விடுதலை பெற்றோர் உழுது குடியிருந்தனர். அதைச் சுற்றிக் கறுப்பின மக்களின் குடியிருப்பு ஒன்று வளர்ந்தது. ராபர்ட் கிராஃபோர்டு மதிப்புமிக்க சமயப் போதகராக விளங்கினார். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்கள் என்று ஜெஃபர்சன் தீர்ப்பளித்த மக்கள், சொந்த நிலம் கிடைத்ததும் அத்தீர்ப்பைப் பொய்யாக்கினர்.

ஆனால் இல்லினாய் விடுதலை பூமியன்று. 1787ஆம் ஆண்டின் வடமேற்கு ஆணை அடிமைமுறையைத் தடை செய்திருந்தது. நடைமுறையில் பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் அடிமைகள் அடிமைகளாகவே நீடித்தனர். நெடுங்கால ஒப்பந்தம் என்ற பெயரில் பலர் கட்டுண்டு கிடந்தனர். ஷானிடவுன் அருகேயுள்ள உப்பளங்களில் 1825வரை வெளிமாநில அடிமைகளை வேலைவாங்க மாநில அரசமைப்பே இடமளித்தது. 1819 மார்ச் மாதத்தில் இயற்றப்பட்ட கறுப்பர் சட்டம், விடுதலைச் சான்றிதழின்றி எந்தக் கறுப்பினத்தவரும் குடியிருக்கக் கூடாது என்றது. அடிமைகளைக் கொண்டுவந்து விடுவிப்பவர், அவர்கள் பொதுச்செலவுக்குச் சுமையாக மாட்டார்கள் என்று தலைக்கு 1,000 டாலர் பிணைப்பத்திரம் எழுதித்தர வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டம் அச்சாகி வெளிவராத நிலையில் சான்றிதழ் வழங்கிய கோல்ஸ் பிணைப்பத்திரம் எழுதவில்லை. அந்தத் தவறுதல் பின்னர் அவருக்கு எதிரான ஆயுதமாயிற்று.

ஆளுநரும் வாக்கெடுப்பும்

1822 ஆகஸ்டில் நடந்த ஆளுநர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். கோல்ஸ் 2,854 வாக்குகள் பெற்றார். அடுத்து வந்த ஜோசப் ஃபிலிப்ஸ் பெற்றவை 2,687. தாமஸ் பிரவுனுக்கு 2,443 வாக்குகள் கிடைத்தன. அடிமைமுறை ஆதரவாளர்களின் வாக்கு இவ்விருவரிடையே பிரிந்ததால் கோல்ஸ் வென்றார். வண்டேலியா நகரில் ஆற்றிய தொடக்க உரையில், மாநிலத்தில் எஞ்சியுள்ள அடிமைகளை விடுவிக்க வேண்டும், கறுப்பர் சட்டங்களைத் திருத்த வேண்டும், சுதந்திரமான கறுப்பின மக்களைக் கடத்தித் தெற்கே விற்கும் கொடுமையைத் தடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

சட்டமன்றத்தின் பதிலடி உடனே வந்தது. அடிமைமுறையை அனுமதிக்கும் நோக்கோடு புதிய அரசமைப்பு மாநாடு கூட்டும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மைக்குக் கீழவையில் ஒரு வாக்குக் குறைந்தது. ஏற்கெனவே பதவியேற்றிருந்த நிக்கலஸ் ஹான்சன் என்னும் உறுப்பினரை நீக்கிவிட்டு ஜான் ஷா என்பவரை அவ்விடத்தில் அமர்த்தி, 1823 பிப்ரவரியில் தீர்மானத்தை நிறைவேற்றினர். அன்றிரவு ஆதரவாளர் கும்பல் கொம்பூதி, பறையறைந்து, ஆளுநர் தங்கியிருந்த இல்லத்தின் முன் கூச்சலிட்டது.

மாநாடு வேண்டுமா என்பதை மக்கள் வாக்கெடுப்பே முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பதினெட்டு மாதங்கள் இருந்தன. கோல்ஸ் தம் நான்காண்டு ஊதியம் முழுவதையும், அதாவது 4,000 டாலரை, இப்போராட்டத்துக்கே ஒதுக்கினார். வண்டேலியாவில் செய்தித்தாள் ஒன்றைத் தம் அணியின் குரலாக்கினார். மாரிஸ் பர்க்பெக் புனைபெயரில் கட்டுரைகள் எழுதினார். ஜான் மேசன் பெக் என்னும் பாப்டிஸ்ட் போதகர் ஊர் ஊராகச் சென்றார். பிலடெல்பியாவின் குவேக்கர் நண்பர்கள் துண்டறிக்கைகளை அச்சிட்டு அனுப்பினர். 1824 ஆகஸ்ட் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் மாநாட்டுக்கு ஆதரவாக 4,972 வாக்குகளும் எதிராக 6,640 வாக்குகளும் பதிவாயின. 1,668 வாக்கு வேறுபாட்டில் இல்லினாய் அடிமை மாநிலமாவது தவிர்க்கப்பட்டது.

வாக்களித்தவர் அனைவரும் வெள்ளை ஆண்கள். அடிமைமுறையை எதிர்த்து வாக்களித்தவர்களில் பலர், பெரும் பண்ணையார்கள் வந்து தம் சிறுநிலங்களை விழுங்கிவிடுவர் என்றே அஞ்சினர். கறுப்பின மக்கள்பால் கொண்ட தோழமை அவர்களைச் செலுத்தவில்லை. எனவேதான் வாக்கெடுப்பில் தோற்ற அடிமைமுறை, கறுப்பர் சட்டங்களின் வடிவில் 1865வரை அங்கே உயிரோடிருந்தது.

தோற்றவர்கள் வழக்கு மன்றத்தை நாடினர். பிணைப்பத்திரம் எழுதாத குற்றத்துக்காக மாடிசன் வட்டாரம் தொடுத்த வழக்கில், விடுவிக்கப்பட்ட பத்துப் பேருக்குத் தலைக்கு 200 டாலர் வீதம் 2,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டமன்றம் 1825இல் அத்தண்டத்தை நீக்கியது. கீழ்நீதிபதி அதை ஏற்க மறுத்தார். 1826இல் மாநில உச்ச நீதிமன்றமே கோல்ஸை விடுவித்தது. மனிதரை விற்றவர்கள் மதிப்போடு உலவிய நாட்டில், மனிதரை விடுவித்தவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

எல்லைகள்

ஆளுநர் பதவிக்குப்பின் அரசியல் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1831இல் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்து 1833இல் சாலி லோகன் ராபர்ட்ஸ் என்பவரை மணந்தார். உயில்வழியாவது அடிமைகளை விடுவிக்குமாறு மாடிசனிடம் மன்றாடினார். 1836இல் இறந்த மாடிசன் எவரையும் விடுவிக்கவில்லை. ஆசானாகக் கருதிய இரு குடியரசுத் தலைவர்களும் தம்மைக் கைவிட்டதைக் கோல்ஸ் கண்டார். 1856இல் வடமேற்கு ஆணையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

அவரிடமும் பெருங்குறை இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அமெரிக்காவைவிட்டு வெளியேற்றிக் குடியமர்த்தும் திட்டத்தை அவர் ஆதரித்தார். வெள்ளையரின் வெறுப்பு மாறாது என்ற அவநம்பிக்கை அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் வெறுப்பவரை மாற்றுவதற்குப் பதிலாக வெறுக்கப்படுபவரை அகற்றும் தீர்வு எவ்வளவு நயமாகச் சொல்லப்பட்டாலும் அது அநீதியே. அம்மக்கள் உழைத்து உருவாக்கிய நாடு அது. ஊருக்கு வெளியே குடியிருப்பு ஒதுக்கும் சிந்தனையின் சாயலை அதில் நாம் காண்கிறோம்.

ஆதிக்கம் ஒரு தலைமுறையின் துறப்பால் மட்டும் அறுபடுவதில்லை என்பதற்கு அவருடைய வீடே சான்றாயிற்று. இளைய மகன் ராபர்ட்ஸ் கோல்ஸ் வர்ஜீனியாவுக்குத் திரும்பினார். உள்நாட்டுப் போரில் அடிமை மாநிலங்களின் படையில் சேர்ந்தார். 1862 பிப்ரவரி 8 அன்று ரோனோக் தீவுப் போரில் கொல்லப்பட்டார். தந்தை துறந்து வந்த மண்ணுக்காகவும் முறைக்காகவும் மகன் உயிர் கொடுத்தார்.

1865இல் 13ஆம் சட்டத்திருத்தம் அடிமைமுறையை ஒழித்ததைக் கோல்ஸ் உயிரோடிருந்து கண்டார். 1868 ஜூலை 7 அன்று அவர் காலமானார். இரண்டே நாள்களில், குடியுரிமையையும் சட்டத்தின்முன் சமத்துவத்தையும் உறுதிசெய்யும் 14ஆம் திருத்தம் தேவையான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் நிலம் மட்டும் வரவில்லை. போரின் இறுதிக்கட்டமான 1865 ஜனவரியில், தென்கிழக்குக் கடற்கரை நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை விடுதலை பெற்றோர்க்கு ஒதுக்கித் தளபதி ஷெர்மன் ஆணையிட்டிருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய பண்ணையார்களிடமே திருப்பிக் கொடுத்தார். இலட்சக்கணக்கானோர் குத்தகை வாரத்திலும் கடனிலும் மீண்டும் சிக்கினர். 1819இல் பண்ணையார் ஒருவர் தம் அளவில் செய்ததை, அரை நூற்றாண்டுக்குப்பின் ஓர் அரசு தன் முழு வலிமையோடும் செய்யத் தவறியது.

கோல்ஸின் பெயரில் இன்று இல்லினாயில் ஒரு வட்டாரம் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய பெருந்தன்மையை அன்று. ஒடுக்குமுறையால் வந்த சொத்தின் வாரிசு ஒருவர் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதன் பட்டியல் அவ்வாழ்க்கையில் இருக்கிறது. தவறு என்று ஒப்புக்கொள்வது, கைவிடுவது, உழைத்தவர்க்கு உரியதைத் திருப்பித் தருவது, அதன்பின் சட்டமும் அரசும் அம்மக்களுக்கு எதிராகத் திரும்பும்போது தம் பதவியையும் பணத்தையும் வைத்து நிற்பது. முதலாவதோடு நின்றுவிடுவோர் எந்நாட்டிலும் மிகுதி. பின் ஓக் வயல்களில் தமக்கென முதன்முதலாக ஏர் பூட்டியவர்களுக்கு, அவருடைய மனசாட்சியைவிட அந்த 160 ஏக்கரே பெரிதாகத் தோன்றியிருக்கும். அதில் தவறேதும் இருப்பதாக நாம் கருதவில்லை.